ரேடியோ மல்லிகாவின் குரல்

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் மாறும்போது என் மகளைத் தவறவிட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது. அவளுக்கு வயது பத்தொன்பது, பேச்சு வராது. தன்னார்வலர்கள் நடத்தும் சமுதாய வானொலியில் அறிவித்த பிறகு, பீங்கான் பொம்மை செய்யும் ஒரு பட்டறையிலிருந்து போன் வருகிறது. அறிவித்த மல்லிகாவே, மைக்கை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, என்னை ஆட்டோவில் அழைத்துப் போகிறார்.

கொட்டகைக்குள் மகள் தரையில் உட்கார்ந்து ஈரக் களிமண்ணை உருட்டிக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலை செய்யும் பெண்கள் அவளைச் சுற்றி நிற்கிறார்கள்.

"யாருங்க நீங்க?"

"அவளோட அப்பாங்க." போனில் அவள் படத்தைக் காட்டுகிறேன்.

"படம் யாருகிட்டதான் இல்ல? மல்லிகாக்கா சொல்லாம பொண்ண அனுப்ப மாட்டோம்," என்று ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"நான்தாங்க மல்லிகா."

"நீங்களா? அவங்க நல்லா குண்டா இருப்பாங்க."

"பாத்திருக்கீங்களா?"

"இல்ல. குரல கேட்டா அப்படித்தான் தெரியுது."

மல்லிகா கண்ணை மூடித் தொண்டையைச் செருமுகிறார். "வணக்கம் நேயர்களே! அடுப்புல இருக்கறத எறக்கி வச்சிட்டு வாங்க, நிம்மதியா பேசுவோம்."

"அய்யய்யோ, அக்காவேதான்!"

சிரித்தபடி எல்லோரும் விலகுகிறார்கள். கையைப் பிடித்திருந்தவர், "கெட்டியா புடிச்சிக்குங்க," என்று மகளின் கையை என்னிடம் கொடுக்கிறார். களிமண் ஈரத்தில் அது வழுக்குகிறது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறேன்.