பாஸ் இல்லாமல் வந்தவன்

பேய், ஆவி என்று யாராவது கதையெடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

2006இல் துபாய் ஜெபல் அலியில், துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, பழம் ஏற்றுகிற கம்பனியில் எனக்கு வேலை. ஊரில் சமாதானம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. என் தம்பி ரூபன் இயக்கத்தில், சண்டைப் படகில் இருந்தான். சமாதானக் காலத்தில் வீட்டுக்கு வந்தபோது போன் எடுத்து, "அண்ணா, ஒரு விசா எடுத்துவிடு, நான் இயக்கத்தைவிட்டு விலத்தி வந்திடுறன்" என்று கேட்டவன். கம்பனிக்கு ஆள் தேவையாகத்தான் இருந்தது. இயக்கப் பெடியனைக் கூப்பிட்டால் என் வேலைக்கு வில்லங்கம் வருமோ என்று பயந்து, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ஒரு விமானந்தாங்கிக் கப்பல் வந்து கட்டியிருந்தது. ஈராக் சண்டைக்கு நின்ற கப்பல், கழுத்து நோக நிமிர்ந்தால்தான் மேல்தளம் தெரியும். முல்லைத்தீவுக் கடலில் நேவிப் படகுகளுக்கும் இயக்கப் படகுகளுக்கும் சண்டை நடக்கிறது என்று காலை ரேடியோவில் சொன்னார்கள், ஆனாலும் டியூட்டிக்குப் போகாமல் இருக்க முடியாதே.

லொறியிலிருந்து கப்பலடி வரைக்கும் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைக்குக் கை மாற்றுவதுதான் எங்கள் வேலை. யாரும் முகம் பார்ப்பதில்லை, பார்த்தால் வேகம் கெட்டுவிடும். அன்றைக்கு ஒரு நேபாளிக்குக் காய்ச்சல், ஆள் குறைவு, கடைசியில் நின்ற நான் ஒவ்வொரு பெட்டியையும் நாலு எட்டு நடந்துபோய் அடுக்கவேண்டியிருந்தது. பதினொரு மணியிருக்கும், நல்ல வெயில், கொஞ்ச நேரமாக நான் நடக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் நீட்ட நீட்ட யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல்காரன் வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"அண்ணா, எவ்வளவு பெரிய கப்பல். நானும் ஏறட்டோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், அது ரூபனின் குரல். அந்த நிமிஷம் அது ஏன் எனக்கு விளங்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். குனிந்தபடியே, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரி வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"பாஸ் இல்லாமல் ஏறேலாது. அங்காலை தள்ளி நில்லு."

அடுத்து நீட்டிய பெட்டியை யாரும் வாங்கவில்லை. அது விழுந்து தோடம்பழங்கள் உருண்டன. நிமிர்ந்து பார்த்தேன், ஒருவரும் இல்லை.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து அம்மா போன் எடுத்து அழுதா. ரூபன் போன படகு அன்றைக்குப் பன்னிரண்டரை மணிபோல் மூழ்கிப்போனதாம். அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே பதினொன்று. புதைக்கக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

லீவு கேட்க ஃபோர்மேன் செல்லப்பண்ணனிடம் போனேன். நாகர்கோவில்காரர். எனக்கொரு தம்பி இருப்பதே அவருக்குத் தெரியாது, இயக்கத்துக்குப் போனவனைப் பற்றி, நாங்கள் தங்கியிருந்த கேம்பில் நான் வாய் திறந்ததில்லை. தம்பி செத்துப்போனான் என்று மட்டும் சொன்னேன்.

"அன்னைக்குக் கப்பல்கிட்ட ஒன்கூட நின்னு பெட்டி வாங்கினானே, அவனா மக்கா?" என்று கேட்டார். "ஒரு பாஸுதானே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கித் தந்திருப்பம்லா."

அதற்குப் பிறகும் அவரோடு நாலு வருஷம் வேலை செய்தேன். அன்றைக்கு என்ன பார்த்தார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால், நான் விரட்டியதும் அவன் எந்தப் பக்கம் போனான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.