கட்டைவிரல் சோதனை

பத்திரம் எழுதித் தரும் அந்த அலுவலகத்தில் ஐந்து பேர். அவர்களைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. ‘மேனேஜரம்மா’ என்பார்கள். அதிர்ந்து பேசத் தெரியாதவள்.

பழைய பிரிண்டரில் அடித்த பத்திரம் ஒன்றில் எழுத்து உதிர்ந்துபோய், பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

“புது லேசர் பிரிண்டர் நீங்களே பாத்து எடுங்கம்மா. இன்னொரு தடவை பத்திரம் திரும்பி வந்துச்சு, உங்களைத்தான் கேப்பேன்.”

அவள் புருஷன் வேலை பார்த்ததோ பிரிண்டர் விற்கும் கடையில். வியாபாரம் படுத்துக் கிடந்தது. கடை மேலாளர் போகவர அவனைக் குத்திக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் அவன் பிடித்துக்கொண்டான்.

“எங்க கடையில கலர் மெஷின் ஒண்ணு விக்காம கிடக்கு. அதை எடுத்தா என் தலை தப்பிச்சிடும்.”

“எங்களுக்குக் கலர் எதுக்குங்க? தடிச்ச தாள்ல எழுத்து நிக்கணும், அவ்வளவுதான்.”

“அதெல்லாம் நிக்கும். கட்டின புருஷனை நம்ப மாட்டியா?”

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்காவிட்டால் வீடு ரெண்டுபடும். வாங்கி, அது காலை வாரினால், புருஷனுக்காக அலுவலகத்தை அடகு வைத்தவள் என்று நாலு பேர் பேசுவார்கள்.

மறுநாள் பத்திரத் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். மேலாளர் பல்லெல்லாம் தெரிய வரவேற்றார். புருஷன் தாளைச் செருகினான். மெஷின் உறுமி ஒரு பக்கத்தைத் தள்ளியது. பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரல் கறுத்தது. ஒரு வரி பாதி காணாமல் போயிற்று.

“புது மெஷின் மேடம், சூடேறணும். ரெண்டு பக்கம் ஓடினா சரியாயிடும்” என்ற மேலாளர், அவன் பக்கம் திரும்பினார். “என்னப்பா, சொல்லேன்!”

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று அவன் சொன்னால், அத்தனை பேர் முன்னால் அவள் மறுத்தாக வேண்டும். மறுப்பதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

“வேண்டாம் மேடம்” என்றான் அவன். கட்டிய நாளிலிருந்து அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. “தடிச்ச தாளுக்கு இதுல சூடு பத்தாது. உங்களுக்கு வேண்டிய மெஷின் எங்ககிட்ட இல்ல.”

மேலாளரின் முகம் சுண்டிப்போயிற்று.

வேறு கடையில், தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, ஒரு கறுப்பு வெள்ளை மெஷினை எடுத்தாள். பத்திரம் எதுவும் திரும்பி வரவில்லை. அவனுக்குத்தான் வேலை போயிற்று. பல நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

“நீ வேண்டாம்னு சொல்லப்போறது உன் மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. பொண்டாட்டி வாயால கேக்கறதுக்குப் பதிலா நானே சொல்லிட்டா கொஞ்சமாவது மானம் மிஞ்சும்னு தோணுச்சு.”

“நல்லா மிஞ்சுச்சு போங்க!” என்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் முறைக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

வேறு வேலை கிடைக்க அவனுக்கு வெகுநாள் ஆயிற்று. அதுவரை அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. அந்தக் கலர் மெஷினைப் பற்றி இருவரும் மறுபடி பேசவே இல்லை.