வடக்கு வாசலில் பாதிச் செபம்

அக்காவின் முப்பத்தோராம் நாட் பூசைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையிலெடுக்கும் உறவினரும் நண்பரும், கட்டுரையின் அடியில் என் பெயரைக் கண்டால் பெருமூச்சு விடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து இளைப்பாறியவன் எழுதினால் அது மனுவைப் போலத்தான் இருக்கும் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இக்கடமை தம்பியாகிய என்னைச் சேர்ந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஊர்காவற்றுறைப் பக்கத்தில், எங்கள் கரையின் வடக்குக் குறிச்சியில் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருக்கையில் அம்மா இறந்துபோனார். ஐயா கடலுக்குப் போனார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னைத் தூக்கினார். நான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்த வகுப்புகளெல்லாம் அவர் படிக்காமல் விட்ட வகுப்புகள் என்றே சொல்லவேண்டும். பின்பு அதே குறிச்சியில் கடற்றொழில் செய்த அத்தானைக் கைப்பிடித்தார். அத்தான் அதிகம் பேசாதவர். தோள் அகன்றவர். அந்தத் தோளே பின்னர் வினையாயிற்று.

எங்கள் கரைக்கு இரண்டு குறிச்சி, ஒரே கோயில். வடக்கார் வடக்கு வாசலால் வருவார்கள், தெற்கார் தெற்கு வாசலால் வருவார்கள். அவரவர் பக்கத்தில் முழங்காலில் நின்று, ஒரே நற்கருணையை வாங்கிக்கொண்டு, வந்த வாசலாலேயே போவார்கள். மாதா திருநாளில் சுரூபத்தை வைத்துத் தோளில் தூக்கும் கூட்டின் முன்தண்டு வடக்காருக்கு, பின்தண்டு தெற்காருக்கு. இந்த விதியை யார் எப்போது செய்தார் என்பதற்கு எந்தக் கடதாசியும் இல்லை. எழுதிய விதியை மீற வழி உண்டு. எழுதாத விதியை மீறினால் தலை உடையும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு, நாட்டில் எந்த மொழி முன்னால் போவது என்று அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையில் எந்தக் குறிச்சி முன்னால் போவது என்று அடிபட்டார்கள். திருநாளன்று தெற்கு இளைஞர்கள் முன்தண்டில் கை வைத்தார்கள். இடது முன்தண்டு அத்தானின் தோளில் இருந்தது. இழுபறியில் அந்தத் தோள் விலகியது. கூடு சரிந்தது. மாதாவின் வலக்கை முறிந்தது. தண்டின் கீழ் அகப்பட்ட சூசை என்ற பையன் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தான். தெற்குக் குறிச்சித் திரேசம்மா என்ற கைம்பெண்ணுக்கு அவன் ஒரே மகன்.

மரண விசாரணையில் விபத்து என்று முடிவாயிற்று. தெற்குக் குறிச்சியில் வேறு முடிவு சொன்னார்கள்: அத்தான் வேண்டுமென்றே தோளை எடுத்தார் என்று. ஆயராகிய மேற்றிராணியார் கோயிலைப் பூட்டச் சொன்னார். இரு குறிச்சியும் ஒன்றாகக் கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்தால் திறக்கப்படும் என்பது நிபந்தனை. ஒன்றாகக் கையெழுத்திடக்கூடிய சனங்களாக இருந்தால் பூட்டவேண்டிய தேவையே வந்திராது. ஆனால் நிபந்தனைகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. நானும் பல எழுதியிருக்கிறேன்.

அத்தான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் ஒரு நாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கையில், தலை நிமிராமல் சொன்னாராம்:

“நான் விட்டனானோ, வழுகினதோ எண்டு எனக்கே தெரியேல்லை.”

தெற்கிலிருந்து வீசும் அடுத்த சோளகக் காற்றில் அவருடைய வள்ளம் தனியே கரைக்கு வந்தது. உடல் கிடைக்கவில்லை. சேமக்காலையில் குழி இல்லை, துக்கமணி இல்லை. மணி பூட்டிய கோயிலுக்குள் இருந்தது.

வேறு கோயில்களில் அக்கா அத்தானுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். அது போதவில்லை. அவர் வேண்டியது ஒன்றுதான். பையன் விழுந்த அந்தக் கோயிலில், அவனுடைய தாயும் முழங்காலில் நிற்க, அத்தானுக்கு ஒரு பூசை. அது நடக்காமல் அத்தான் இளைப்பாறமாட்டார் என்று அவர் உறுதியாக நம்பினார். பின்னேரங்களில் வேலிக்கு வெளியே துடுப்பைச் சாத்தும் சத்தம் கேட்கிறது என்பார். எழுந்து போய்ப் பார்க்கமாட்டார்.

அப்போதுதான் அவர் வடக்கு வாசற்படியில் போயிருந்து, பூட்டிய கதவைப் பார்த்துச் செபமாலை சொல்லத் தொடங்கினார். அருள்நிறைந்த மந்திரத்தை முன்சொல்பவர் பாதியில் நிறுத்த, மற்றவர்கள் மீதியைச் சொல்வது நம்மவர் வழக்கம். அக்கா தனியே இருந்தும் வழக்கத்தை மாற்றவில்லை. முதற்பாதியைச் சொல்லி நிறுத்துவார். மற்றப் பாதிக்கு வேண்டிய நேரம் காத்திருப்பார். பிறகு செபமாலையின் அடுத்த மணி. கேட்டவர்கள் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

மறு சோளகத்தில், கோயிலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

வடக்குக் குறிச்சியில் பாதிப்பேர் அந்தப் பக்கம் போவதை விட்டார்கள். அத்தான் பதில் சொல்கிறார் என்றனர் சிலர், சூசை என்றனர் சிலர். விடுமுறையில் வந்த நான் இதை விசாரித்து முடிப்பது என்று அக்காவின் பக்கத்தில் போய் இருந்தேன். அக்கா பாதியைச் சொல்லி நிறுத்தினார். சற்றுப் பிந்தி, பூட்டிய கதவின் உள்ளே வெறுந்தரையில் கிடந்து ஒருவர் பேசுவதைப் போல, வறண்ட குரலில் மற்றப் பாதி வந்தது. நான் படித்தவன். கோயிலைச் சுற்றிப் போய்ப் பார்ப்போம் என்று எழுந்தேன். அக்கா என் வேட்டியைப் பிடித்தார்.

“இரு தம்பி. போய்ப் பாத்தால் நிண்டிடும்.”

இருந்தேன். அடுத்த முறை வந்தபோது, பஸ்ஸால் இறங்கித் தெற்குப் பாதையால் நடந்தேன். தெற்கு வாசற்படியில் திரேசம்மா இருந்தார். கதவில் முதுகைச் சாய்த்து, கண்ணைத் திறந்தபடி, அக்கா நிறுத்திய இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலின் மேற்கண்ணாடிகள் உடைந்திருந்தன. சோளகம் அவருடைய குரலை உள்ளே தூக்கிக் கொண்டுபோய் வடக்கு வாசலில் போட்டது. என்னைக் கண்டும் அவர் நிறுத்தவில்லை. நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பயம் மெல்லத் தெளிந்தது. வடக்கில் அக்காவின் பின்னால் பெண்கள் வந்து இருந்தார்கள். தெற்கில் திரேசம்மாவின் பின்னாலும் அப்படியே. நடுவில் பூட்டிய கோயில், இருபுறமும் ஒரே செபமாலை. ஆனால் ஒன்றாகச் செபிக்கிறோம் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் குறிச்சியின் கோயில் மூப்பரைக் கேட்டேன்.

“நாங்கள் எங்கடை செபத்தைச் சொல்லுறம். அவை பதில் சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது?”

தெற்கு மூப்பரையும் கேட்டேன்.

“அவை பாதியிலை விடுகினம் தம்பி. செபத்தை அந்தரத்திலை விடேலாது. அதுதான் முடிச்சு வைக்கிறம்.”

இக்காலத்தில் கோயிலைத் திறக்கும்படி நான் எழுதிய மனுக்கள் இலக்கணப் பிழையற்றவை. பிரதிகள் அனுப்பவேண்டிய இடமெல்லாம் அனுப்பினேன். கிடைத்ததாகப் பதிலும் வந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் எங்கள் பங்குக்கு ஒரு புதிய சுவாமியார் வந்தார். ஒரு பின்னேரம் கோயிலின் முகப்பில், இரண்டு பக்கமும் கேட்கும் இடத்தில், செபமாலை முடியும்வரை நின்றார். வந்த வழியே போனார். சில கிழமைகளில் கோயிற் கதவுகளின் திறப்புக்கோவையோடு திரும்பி வந்தார். கையெழுத்து ஒன்றும் கேட்கவில்லை.

எந்த வாசலை முதலில் திறப்பது என்று உடனே சண்டை தொடங்கியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்கலாமே என்று நான் சொன்னேன். என் உத்தியோக காலம் முழுவதிலும் எதிர்ப்பின்றி நிறைவேறிய ஒரே யோசனை அது.

உள்ளே வௌவால் நாற்றம். மாதா வலக்கை இல்லாமல் நின்றார். அக்கா வடக்காலும் திரேசம்மா தெற்காலும் உள்ளே வந்து, நடுவில் ஒருவருக்கொருவர் எதிரே நின்றார்கள். மற்ற நாங்கள் எல்லோரும் வாசல்களிலேயே நின்றுவிட்டோம். திரேசம்மாதான் முதலில் பேசினார்.

“பிள்ளை, நான் உமக்குப் பதில் சொல்லேல்லை. என்ரை பெடியனுக்குச் சொன்னனான். பாதிச் செபம் அவனிட்டைப் போய்ச் சேராது. அதுதான் உம்மடை பாதியை எடுத்தனான்.”

“ஓம் அம்மா,” என்றார் அக்கா. “எனக்கும் உங்கடை பாதி வேணுமாயிருந்தது.”

“உம்மடை மனுசன் விட்டவரோ?”

“தனக்கே தெரியேல்லை எண்டவர்.”

திரேசம்மா சுவாமியாரைப் பார்த்து, இரண்டு பேருக்கும் ஒரே பூசையாக வையுங்கோ என்றார்.

அந்தப் பூசை நடந்தது. துக்கமணி இருவருக்குமாக ஒலித்தது. திரேசம்மா முழங்காலில் நின்றார். அதற்குப் பின் வந்த திருநாட்களில் முன்தண்டுக்கு வடக்கில் ஒருவர், தெற்கில் ஒருவர். மாதாவின் கையை ஒட்டுவிக்க இரு குறிச்சியும் சம்மதிக்கவில்லை. இரு குறிச்சியும் மனமொத்து எடுத்த முதல் தீர்மானம் அதுதான்.

கோயில் திறந்த பிறகும் அவர்கள் இருவரும் அருகருகே இருந்ததில்லை. அக்கா வடக்கு வாசலில், திரேசம்மா தெற்கு வாசலில், முன்போலவே. துடுப்புச் சத்தம் நின்றுவிட்டதா என்று ஒருமுறை அக்காவைக் கேட்டேன்.

“இல்லை,” என்றார். “இப்ப துடுப்பைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு வாறார்.”

அக்கா நீண்ட நாள் கிடையில் கிடக்கவில்லை. அவஸ்தைப் பூசுதல் பெற்று, நினைவோடு, தம் வீட்டில் கண்ணை மூடினார். அன்று திரேசம்மா, தள்ளாத வயதில், வடக்குக் குறிச்சிக்குள் முதன்முறையாக நடந்து வந்து அக்காவின் கால்மாட்டில் இருந்தார். அழவில்லை. குறிச்சியார் எழுந்து அவருக்கு உட்காரக் கதிரை கொடுத்தார்கள்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். இறுதிப் பூசையை ஒப்புக்கொடுத்த சுவாமியாருக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், பந்தலிட்டுச் சமைத்த அயலாருக்கும், பெட்டியைத் தூக்கிய இரு குறிச்சி இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் முன்னே பிடிப்பது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அதை அக்கா பார்த்திருக்கவேண்டும்.

திரேசம்மா அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இன்னும் பின்னேரங்களில் தெற்கு வாசலுக்கு வருகிறார். முன்சொல்ல வந்த பிள்ளைகளைக் கையமர்த்திவிட்டார். முதற்பாதி அளவு நேரம் பேசாமல் இருக்கிறார், பிறகு தம் பாதியைச் சொல்கிறார். முன்பெல்லாம் அவர் குரல் சற்றுப் பிந்தித்தான் வரும். இப்போது பிந்துவதில்லை. அவருக்கு முதற்பாதி கேட்கிறது போலும்.

நானும் போய்க் கோயிலின் பின்வரிசையில் இருக்கிறேன். ஒரு தூண் வடக்கு வாசலை எனக்கு மறைக்கிறது. எழுந்து சற்று விலகினால் பார்த்துவிடலாம். அக்கா சொன்னபடி இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.