அம்மாவின் விரதமும் அப்பாவின் முழங்காலும்

முழங்கால் வலிக்கு நல்லது என்று மகள் ஒரு புட்டி வாங்கிவந்து மேசையில் வைத்திருக்கிறாள். கொலாஜனாம், மீன் தோலிலிருந்து எடுப்பதாம். ஒவ்வொரு மாத்திரையும் என் சுண்டுவிரல் பருமன். "சும்மா முனகாம சாப்பிடுங்கம்மா" என்கிறாள். சாப்பிடத்தான் செய்கிறேன். ஆனால் மூடியைத் திறந்ததும் வருகிற அந்த லேசான மீன்வாடை என்னை வெள்ளைக்காரன் காலத்து பிரிக்பீல்ட்ஸுக்கு, நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விடுகிறது.

அப்பாவுக்கு ரயில் பெட்டிகளைக் கோத்துவிடுகிற வேலை. நகர்கிற பெட்டியில் தாவி ஏறவேண்டும், இரண்டு பெட்டிக்கு நடுவே குனிந்து சங்கிலி மாட்டவேண்டும். ஒரு வருஷம் தைப்பூசம் முடிந்த வாரத்தில், ஒரு மழைநாளில் படி வழுக்கி விழுந்ததில் முழங்கால் சில்லுக்குக் கீழே நரம்பு பிய்ந்துபோனது. இப்போது தசைநாண் என்று அழகாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு எல்லாமே நரம்புதான். சில மாதத்தில் மறுபடி வரச்சொல்வேன், அப்போது குந்தி எழ முடியாவிட்டால் வேலை கிடையாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும். கப்பலேறி விட்டுவந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு கூரைகூட இல்லை.

அன்று சாயங்காலமே அம்மா முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, எல்லார் காதும் கேட்க வேண்டிக்கொண்டாள். "அடுத்த தைப்பூசத்துக்கு இவரு சொந்தக் காலால பத்துமலை ஏறணும். அதுவரைக்கும் இந்த வீட்டுல யாரும் கவுச்சி தொடமாட்டோம்." மறுநாள் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஐயா கட்டுப்போட வந்தார், கையில் ஒரு மீனெண்ணெய்ப் புட்டியோடு. தினமும் இதில் ஒரு கரண்டி, கூடவே ஆட்டுக்கால் சூப், அப்போதுதான் நரம்புக்கு வலு வரும் என்றார். அம்மாவின் முகம் செத்துப்போனது. புட்டியைத் துணியால் பிடித்துக் கொண்டுபோய்ப் பின்வாசலுக்கு வெளியே வைத்தாள். அதற்குப் பதிலாக உளுந்தங்களி, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஆக்கிப்போட்டாள். வேண்டுதலை மீறினால் கால் அடியோடு போய்விடும் என்று அவளுக்குப் பயம். அவளிடம் யார் வாதாடுவது? அப்பா போட்டதைச் சாப்பிட்டார், இளைத்துக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டில் ஒரு வேதக்கார அம்மா இருந்தார். நாங்கள் அவரை மாதாகோயில் பெரியம்மா என்போம். ஒருநாள் அவர் அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, விரதம் உன் வீட்டுல. என் அடுப்புக்கு என்ன வந்துச்சு? சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். அதிலிருந்து அப்பா சாயங்காலமானால் கோலை ஊன்றிக்கொண்டு 'கொஞ்சம் காலாற' நடக்கப் போவார். வெற்றிலை மென்றுகொண்டு திரும்புவார். எனக்குத் தெரியும். என் அண்ணனுக்கும் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவர்களுடைய தவக்காலம் வந்தது. அந்த நாற்பது நாளும் பெரியம்மா வீட்டில் இறைச்சி வேகாது. அது எங்கள் வீட்டு வரிசைக்கே தெரிந்த விஷயம். முதல் நாள், அவர் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மாதாகோயிலிலிருந்து வந்த அன்று, எப்போதும்போல மிளகோடு எலும்பு கொதிக்கும் வாசம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மூலையில் அப்பாவின் கோல் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். இல்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

அப்பா மங்குக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா ஆவி படாமல் முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. நான் வாயில வச்சு உப்புக்கூடப் பாக்கல" என்றார். திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைபோல அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ பெரியம்மாவின் நெற்றிச் சாம்பலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, மசாலா ஒட்டிய கையாலேயே கோப்பையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"வேண்டிக்கிட்டது நான். காலு உங்களுது. குடிங்க."

மறுநாள் மீனெண்ணெய்ப் புட்டி வீட்டுக்குள் வந்தது. உங்கள் விரதத்தை நீங்கள் பாருங்கள் அக்கா என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, அம்மா தன் அடுப்பிலேயே ஆட்டுக்கால் வேகவைத்தாள். அப்பா டாக்டர் முன்னால் குந்தி எழுந்தார். தைப்பூசத்தன்று பத்துமலை மரப்படிகளில் நின்று நின்று ஏறினார். சூப்பா, எண்ணெயா, முருகனா, அல்லது சும்மா கிடந்த ஓய்வா, எது குணமாக்கியது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அப்பாவுக்கும் சேர்த்துத் தானே விரதம் இருப்பதாக அவள் முருகனிடம் சொல்லியிருந்தாளாம். தைப்பூசம் முடிந்தும் விடவில்லை, சாகும்வரை கவுச்சி தொடவில்லை.

மழைக்காலத்தில் அப்பாவுக்கு முழங்கால் வலித்தால் சூப் மட்டும் தவறாமல் வைப்பாள். ருசி பார்க்க முடியாதே, பக்கத்திலேயே உட்கார்ந்து, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "சரியா இருக்கு" என்பார். அவள் உப்புப் போடவே மறந்த நாட்களிலும் அப்படித்தான் சொன்னார்.