மேற்கே நகர்ந்த வத்தல் களம்

பசுவந்தனைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் வரைந்து கட்டிய பள்ளிக்கூடத்தை யாராவது புகழ்ந்தால், எனக்கு முதலில் தும்மல்தான் ஞாபகம் வரும்.

அந்த ஊரில் அதுவரை ஒரு பழைய காரைக் கட்டடமும், அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும்தான். ஒன்றாம் வகுப்பு தகரத்துக்கு அடியில். மாசி பிறந்தால் பதினொரு மணிக்கே பிள்ளைகள் வாடிவிடுவார்கள். முந்தின வருடம் ஒரு சிறுமி மயங்கியே விழுந்திருக்கிறாள். "கோடைக்குள்ள இதுகளைத் தகரத்துல இருந்து வெளிய எடுத்திரணும் மேடம். எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றார் தலைமையாசிரியை. அதற்குத்தான் அந்தக் கட்டடம்.

கரிசல் மழைக்கு வீங்கும், வெயிலுக்கு வெடிக்கும். அந்த மண்ணை ஆளுயரம் தோண்டி எடுத்து, சரள் கொட்டி இறுக்கி, அதன் மேல் அஸ்திவாரம் போட்டேன். சாயங்கால வெயில் அறையும் மேற்குச் சுவர் கனம். உச்சியில் மட்டும் சிறு திறப்புகள். கிழக்குச் சுவர் முழுக்க இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல். கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று அதன் வழியே புகுந்து, உள்ளே தங்கும் சூட்டை மேலே தள்ளிக்கொண்டு போய்விடும். வகுப்புகளுக்கு நடுவில் மடக்குக் கதவு. மடக்கினால் கூடம், நீட்டினால் இரண்டு வகுப்பு. ஊர்க்கூட்டம், தேர்தல், தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் கட்டடத்தை எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று தனித்தனியாக வரைந்து வைத்தேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

தையில் பெரிய வகுப்புகள் குடிவந்தன; ஒன்றாம் வகுப்பின் அறையில் மட்டும் வேலை கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாசியில் தலைமையாசிரியை டீச்சரிடமிருந்து போன் வந்தது. "ஒடனே வாங்க மேடம். பிள்ளைகளுக்குக் கண்ணத் தொறக்க முடியல."

போய்ப் பார்த்தால், கிழக்குப் பக்கத்துச் சிமெண்ட் முற்றம் முழுக்க மிளகாய் வத்தல். காற்று அதன் மேல் தவழ்ந்து வந்து, நான் ஆசையாக வைத்த ஓட்டைகள் வழியே நெடியை அள்ளி உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் சமமாக, சுத்தமாக ஒரு தரை கிடந்தால் மாசி பங்குனியில் அது களம்தான், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். பழைய கட்டடத்தில் சன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நானே எங்கள் ஊர்ப் பள்ளி முற்றத்தில் வத்தல் கிளறி வளர்ந்தவள். தேர்தலுக்குக்கூட இடம் யோசித்தவளுக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

மறுநாள் அந்தக் கூடத்திலேயே ஊர் கூடியது. ஆடு மேய்த்து, கொஞ்சம் மிளகாயும் போட்டிருந்த ஒருவர் எழுந்தார். அவர் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. "ஓட்டையப் பூசி அடைச்சிருங்க. சோலி முடிஞ்சுது" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

"அடைச்சா உள்ள அடுப்பா ஆயிரும் அண்ணாச்சி. பிறகு தகரமும் இதுவும் ஒண்ணுதான். உங்க மகள எங்க உக்கார வைக்க?"

"அதுக்கு? வத்தல எங்க தலையிலயா காயப்போட?"

"வேற எங்கனயாவது போடுங்க" என்று கத்திவிட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"எங்கன போட? மேக்க பூரா வெடிப்பு. ஆட்டுக்குட்டி கால விட்டா எடுக்க முடியாது. அங்கன ஒரு தரை கெடந்தா நாங்க ஏன் இங்கன வாரோம்?"

அந்நேரம் பார்த்து ஒரு காற்று வீசியது. அவர் தும்மினார், நான் தும்மினேன், கூடமே தும்மியது. மூக்கைத் துடைத்துக்கொண்டே டீச்சர் கேட்டார். "அப்ப மேக்க தரை போட்டா?"

வத்தல் காயும் காலம் முழுக்கக் கீழ்க்காற்றுதான்; மேற்கே போட்டால் நெடி காட்டுப் பக்கம் போய்விடும். மேல்காற்று திரும்பும் ஆனியில் களத்தில் ஒரு வத்தல்கூட இருக்காது. இது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தே சண்டை போட்டிருக்கிறோம்.

மிளகாய் போட்டவர்கள் ஆளுக்கொரு டிராக்டர் சரள் கொண்டுவந்தார்கள். பங்குனி பிறப்பதற்குள் மேற்கே தரை ஆயிற்று, வத்தல் இடம் மாறியது, ஒன்றாம் வகுப்பு உள்ளே வந்தது. தகரத்துக்கு அடியில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் போனேன். மணி பதினொன்று. உள்ளே ஒன்றாம் வகுப்பு ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. ஒரு முகமும் வாடவில்லை. எனக்கு நிறைவாக இருந்தது. மேற்கே, சுவரோரத்து ஒட்டு நிழலில் அதே அண்ணாச்சி, ஆடு வாய் வைக்காமல் வத்தலுக்குக் காவல் இருந்தார். என்னைக் கண்டதும் துண்டால் விசிறியபடியே குறைப்பட்டார்.

"ஏம்மா, காத்து பூராவும் உள்ள உள்ளவியளுக்கே போவுது. இந்தச் சொவத்துலயும் கீழ நாலு ஓட்டை வச்சா என்னவாம்?"

நான் பதில் சொல்வதற்குள், மேல் திறப்பு வழியாக ஒரு சின்னக் குரல் வந்தது.

"எப்பா, சத்தம் போடாத. பாடம் நடக்குதுல்லா."

அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.