மாளிகாவத்தைப் படிகள்

வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதுதான் விழுந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. "இக்மனட்ட, இக்மனட்ட" என்று கண்டக்டர் சிங்களத்தில் அவசரப்படுத்தினான். இரண்டாவது கால் தரையில் படுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. நடைபாதையின் விளிம்பில் சரிந்து விழுந்தபோது உள்ளே ஏதோ முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. கையை ஊன்றி எழும்பப் பார்த்தேன். இடது கால் என் சொல்லுக்கு அசையவில்லை.

பொரளையில் ஓர் ஆஸ்பத்திரியில், உடைந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் துன்பம் தொடங்கியது. பென்சன் எடுத்த பிறகும் விடாமல் பட்மின்டன் விளையாடிக்கொண்டிருந்தவன் நான். இப்போது மலசலகூடம் போகவும் மனைவியின் தோள் தேவைப்பட்டது. அவளும் மெலிந்தவள். என்னைத் தாங்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பயிற்சி சொல்லித்தர வரும் பெண்ணிடம், நான் நித்திரை என்று மனைவியைச் சொல்ல வைத்தேன். மறுபடியும் விழுவேன் என்ற பயம். அதை யாரிடமும் சொல்லவும் வெட்கம்.

அப்போதுதான் அவன் வரத் தொடங்கினான். மாளிகாவத்தைக்காரன், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தவன். வாலிப வயதிலிருந்து இரட்டையர் ஆட்டத்தில் அவன்தான் என் ஜோடி. கடையை மகனிடம் விட்டுவிட்டு, பின்னேரம் அஸர் தொழுத கையோடு பஸ் ஏறி வருவான்.

"எழும்பு மச்சான்."

"ஏலாது. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கும் இதத்தான் சொல்லுவ. எழும்பு, நான் புடிக்கிறன்."

"விழுந்தா?"

"விழுந்தா ரெண்டு பேரும் விழுவம். தங்கச்சி தூக்கி விடட்டும்."

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். நான் விழுந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

முதலில் ஹோலுக்குள் நடந்தோம். பிறகு ஒழுங்கை முடியும் வரை. பிறகு கடலோரமாக மெரின் டிரைவ். நான் வோக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்க, அவன் எனக்கு முன்னால் இரு கைகளையும் நீட்டியபடி பின்பக்கமாக நடப்பான். கடலையே திரும்பிப் பார்க்க மாட்டான்; கண் முழுக்க என் காலில்தான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில் என்று, பயிற்சிப் பெண்ணிடம் கேட்டு வந்து எனக்குச் சொல்லித் தந்தான். வோக்கர் போய்க் கைத்தடி வந்தது.

ஒரு நாள் காலை அவனுடைய மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. விடிய சுபஹுக்கு எழும்பினவங்க, நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் நேரமிருக்கல்ல. பகல் லுஹருக்குப் பொறகு அடக்கம்."

மனைவி என் சேர்ட்டை எடுத்துத் தந்தாள். "அது லிஃப்ட் இல்லாத ஃபிளாட். இந்தக் காலோட எப்பிடி ஏறப் போறியள்?"

"ஏறத்தான் வேணும்."

அவன் வீடு மேல்மாடியில். கீழே நின்ற இளைஞர்கள் கதிரையில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் ஏறிய முதல் மாடி அது. நடுவில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம், இன்றைக்கு மாலையும் வருவான் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. மேலே வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரியக் கிடத்தியிருந்தார்கள். அத்தர் வாசம். நிலத்தில் உட்கார என்னால் முடியாது. நின்றபடியே பார்த்தேன்.

ஜனாஸாவை இறக்கிக்கொண்டு போனார்கள். தோள் கொடுக்க ஆசைப்பட்டேன். என் நடை அவர்களை மறித்திருக்கும். நான் கீழே வந்து சேர்ந்தபோது தெரு வெறுமையாகிவிட்டிருந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடியும்வரை வெளியே காத்து நின்று, பிறகு கூட்டத்தின் கடைசி ஆளாக மையவாடிக்குள் போனேன். எல்லோரும் குழிக்குள் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் குனிய முடியவில்லை. அதைக் கண்ட மகன், தானே மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தான்.

"போடுங்க அங்கிள். ஒங்களப் பத்தித்தான் ராவும் கதச்சாங்க."

மண் ஈரமாக இருந்தது. போட்டேன்.

இப்போது கைத்தடியும் இல்லை. புது மூட்டு நன்றாகப் பொருந்திவிட்டது என்கிறார் டொக்டர். சில மாலைகளில் பட்மின்டன் விளையாடப் போகிறேன். ஓட்டம் குறைவு, வலைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிறேன். ஜோடியாக வருகிறவர்கள் நல்லவர்கள். எனக்கு எட்டாததையும் தாங்களே ஓடி எடுத்துவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு வாங்கில் உட்காருகிறேன். முன்பெல்லாம் அங்கே உட்கார்ந்து நானும் அவனும் இருட்டும்வரை சண்டை பிடிப்போம், தோற்றது யாரால் என்று. இப்போது வேளைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.