வேலிப் பக்கம் அடிக்காத மனுசன்

எங்கள் வீட்டு வளவுக்கும் ஊர் மைதானத்துக்கும் நடுவில் இப்போது மதில் இருக்கிறது. அப்போது வெறும் தென்னோலைக் கிடுகு வேலிதான். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலை விட்டுக் கல்வீட்டுக்கு மாறியிருந்த காலம் அது. ஊரில் விளையாட்டுக் கழகத்தை மறுபடி தொடங்கினார்கள். இளம் பெடியள் குறைவு. அதனால் நாற்பது தாண்டியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் என் வீட்டுக்காரர் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கிரிக்கெட் துடுப்பைத் தூக்கினார்.

பின்னேரம் வயலால் வந்து, கால் கழுவி, தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவார். அவரை அவ்வளவு சந்தோசமாக நான் கனகாலம் கண்டதில்லை. இன்றைக்கு முழங்கால் நோவோடு கதிரையில் இருக்கிற மனுசனைப் பார்க்கும்போது, அந்த ஓட்டம்தான் எனக்கு ஞாபகம் வரும். நான் போய் நின்று பார்ப்பதில்லை. வேலிக் கிடுகை விலக்கிப் பார்ப்பேன். நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்குக் கையை எங்கே வைக்கிறது, காலை எங்கே வைக்கிறது என்று தெரியாது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழும்பி வாசிக்கச் சொன்னாலே அழுகிறவள் நான். படிப்பும் அதோடு நின்றது.

எங்கள் மைதானம் சின்னது. ஒரு முனையில் இருந்துதான் எப்போதும் பந்து போடுவார்கள். காலுக்கு வருகிற பந்தைச் சுழற்றி அடித்தால் அது எங்கள் வேலிப் பக்கம்தான் வரும். ஒரு நாள் நான் முற்றத்தில் பெரிய கிடாரத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அவர் அடித்த பந்து வேலிக்கு மேலால் வந்து நேரே கிடாரத்துக்குள் விழுந்தது. கொதிதண்ணி தெறித்து என் முழங்கை பொங்கிவிட்டது. அவர்தான் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைக்கே கழகம் சட்டம் போட்டது: அந்த வளவுக்குள் பந்து போனால் அவுட்.

என் கை ஆறிவிட்டது. அவர் அந்தப் பக்கம் அடிப்பதையே விட்டுவிட்டார். சட்டம் எல்லோருக்கும்தான். மற்றவர்கள் எங்கள் மைதானத்தில் பந்தை நிலத்தோடு விடுவார்கள், வேறு ஊருக்குப் போனால் தூக்கி அடிப்பார்கள். இவர் மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் காலுக்கு வருகிற பந்தை மெல்லத் தட்டிவிட்டு நிற்பார். மற்ற ஊர்க்காரர் அதைக் கண்டுபிடித்து, காலுக்கே போடத் தொடங்கினார்கள்.

கழகத்துக் கப்டன் தேத்தண்ணிக் கடைக்காரத் தம்பி. ஒரு நாள் எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. வட்டக்கச்சியில விளையாடப்போற மச்சிலயும் இப்பிடியெண்டால், பிறகு உங்களை வெளியால இருத்தத்தான் வேணும்.”

“ஓமோம், இருத்துங்கோ. எனக்கும் வயசு போட்டுதுதானே” என்று இவர் சிரித்தார். உள்ளே வந்து சோற்றைப் பிசைந்தபடி இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் வீட்டில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“இஞ்சாருங்கோ, வயலுக்கு வாங்கோ. நான் போடுறன்.”

“என்னத்தைப் போடப் போறீர்?”

“பந்துதான்.”

“உமக்கென்ன விசரே? ஆரும் கண்டால்?”

“இந்த வெயிலுக்க ஆர் வெளிக்கிடப் போயினம்?”

வெட்டு முடிந்த வயல். ஒரு மனுசர் இல்லை. முதல் பந்து அவரைத் தாண்டி எங்கேயோ போனது. அடுத்தது என் காலடியிலேயே விழுந்தது.

“இது மாட்டுக்கு எறியிற எறி இல்லையப்பா.”

“மாட்டுக்கு எறிஞ்சால் படும்” என்றேன்.

பிறகு கை பழகியது. காலைப் பார்த்தே போட்டேன். அவர் தட்டித் தட்டி விட்டார்.

“அடியுங்கோவன்.”

“கை வருதில்லை.”

“அங்கால ஆர் நிக்கினம்? கொக்குத்தான் நிக்குது.”

அவர் துடுப்பைக் கீழே ஊன்றிக்கொண்டு என் முழங்கையைப் பார்த்தார். நான் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினேன். “ஆறிட்டுதெல்லே? அடியுங்கோ.”

அதற்குப் பிறகுதான் அடித்தார். பந்து வாய்க்கால் வரைக்கும் போனது. அதை எடுக்க நான் ஓடினேன், வெட்டின நெல்லின் தாள்க்கட்டை காலெல்லாம் குத்தியது. அந்தப் பங்குனி மத்தியானங்களில் எத்தனை தரம் அப்படி ஓடினேனோ தெரியாது. கலியாணம் கட்டி அத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடியது அப்போதுதான். பந்து தவறினால் நான் சிரிப்பேன், அவர் ஏசுவார். வீட்டுக்கு வந்து பழஞ்சோறு கரைத்துக் குடிப்போம். அந்தச் சோற்றின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

வட்டக்கச்சி மச்சுக்கு “நீரும் வாரும்” என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உழவு மெசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டியில் எல்லோரோடும் போனேன். பெரிய மைதானம், ஒலிபெருக்கி, சனம். ஒரு பக்கம் வேப்ப மரத்து நிழலில் பெண்கள் இருந்தார்கள். எதிர்ப் பக்கம் பந்தலுக்குள் ஆம்பிளைகள். பக்கத்து வீட்டு அக்காவோடு நானும் மரத்தடியில் ஒதுங்கினேன்.

இவர்தான் முதலில் இறங்கினார். காலுக்குப் பந்து வந்தது. தட்டினார். மறுபடியும் அதே பந்து, மறுபடியும் தட்டினார்.

“உன்ர மனுசன் என்ன, இந்தப் பக்கம் அடிக்கப் பயப்பிடுறார்?” என்றா அக்கா.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு பந்துக்கும் முதல் அவர் மரத்தடியைப் பார்க்கிறார். அவர் சுழற்றி அடித்தால் பந்து வருகிற பக்கத்தில் நான் இருக்கிறேன்!

அங்கே இருந்தால் அவருடைய இடம் போய்விடும். எழும்பினால் எல்லாச் சனமும் பார்க்கும். எழும்பினேன். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி எல்லைக் கோட்டைச் சுற்றி நடந்தேன்.

“அம்மா ஒராள் சுத்தி வாறா, வழி விடுங்கோ!” என்று ஒலிபெருக்கியில் ஒரு பெடியன் கத்தினான். சனம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பந்தலுக்குப் பக்கத்தில், தண்ணி நிறைத்து வைத்த பரலோடு ஒட்டி நின்றேன். அவர் மரத்தடியைப் பார்த்தார், பிறகு நான்கு பக்கமும் தேடினார், என்னைக் கண்டார். அடுத்த பந்து காலுக்கு வந்தது. ஒரே சுழற்று! மரத்தடிப் பெண்கள் கூச்சலிட்டுக்கொண்டு கலைந்து ஓட, பந்து வேரில் போய் மோதியது. கப்டன் என் பக்கத்தில் நின்று கை தட்டினார்.

அந்தச் சந்தோசம் கொஞ்ச நேரம்தான். அந்த ஓவரின் கடைசிப் பந்துக்கு ஒரு ஓட்டம் ஓடி மற்ற முனைக்குப் போனவர், அங்கே நின்று மறுபடியும் தட்டத் தொடங்கினார்.

“என்ன தம்பி இது?” என்று கேட்டுவிட்டேன். ஒரு ஆம்பிளையிடம் நானாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தரம்.

“முனை மாறிட்டுதெல்லே அக்கா. இப்ப அவருக்கு இந்தப் பக்கம்தான் கால் பக்கம்.”

எங்கள் மைதானத்தில் முனை மாறுகிற வழக்கமே இல்லை. எனக்கு எங்கே தெரியும்?

“அப்ப நான் திரும்பி மரத்தடிக்குப் போகவோ?”

அந்தத் தம்பி என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். விளங்கிவிட்டது போல.

“ஒவ்வொரு ஓவருக்கும் நடப்பியளோ? விக்கெட்டுக்கு நேர அந்தக் கோடிக்குப் போங்கோ. ரெண்டு பக்கமும் அவர் அடிக்கலாம்.”

திரும்பவும் நடந்தேன். “அம்மா வெளிக்கிட்டிட்டா! ஆராவது ஒரு கதிரை குடுங்கோ!” என்றது ஒலிபெருக்கி. சனம் சிரித்தது. கதிரையும் வந்தது. நிழலே இல்லாத கோடியில், உச்சி வெயிலில், எல்லோருக்கும் தெரிய நான் தனியே இருந்தேன்.

அவர் அடித்தார். மரத்தடிக்கும் அடித்தார், பந்தலுக்கும் அடித்தார். கடைசியில் கால் பக்கம் உயர்த்தி அடித்த பந்தை ஒருவன் எல்லையில் பிடித்துவிட்டான். அவுட்டாகி வந்தவர் பந்தலுக்குப் போகவில்லை. துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“களைச்சுப் போனீரோ?”

“நீங்கள்தானே ஓடினது.”

“நான் ஓடினதை விட நீர் நடந்தது கூட” என்று சொல்லி என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். சனம் பார்க்கிறது என்ற நினைப்பு அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது, ஆனாலும் எழும்பிப் போகத் தோன்றவில்லை.

அந்த மச்சில் நாங்கள் தோற்றுத்தான் போனோம். பெட்டியில் திரும்பி வரும்போது கப்டன் சொன்னார்: “அண்ணை, அடுத்தது புளியங்குளம். நீங்கள்தான் முதல் ஆள்.” பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, உங்களுக்கும் பெட்டியில இடம் வைக்கிறன். வருவியள்தானே?” என்றார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஓம்” என்றேன்.